அப்பாவின் தோடியை இணையக் கடையில் ஏற்ற 35,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பா நாதஸ்வர வித்வான். வயது 79. 1992-இல் ஒரு கேசட் கம்பெனி அவர் வாசிப்பை வெளியிட்டது. அதே வருடம் கோயில் திருவிழாவில் அவர் வாசித்த தோடி ராகத்தை என் தாய்மாமா டேப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறார். இணைய இசைக் கடைகளில் நாதஸ்வரம் என்று தேடினால் கெட்டிமேளமும் கல்யாண மங்கல இசையும்தான் வருகின்றன. இரண்டு கேசட்டையும் ஏற்றி, நாதஸ்வரத்துக்குத் தனிப் பிரிவும் உண்டாக்கித் தருவதாக ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? – திருவாரூர் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். தனிப் பிரிவு என்று அவர் வாயைத் திறந்ததுமே பேச்சை முடித்திருக்கலாம். ஒரு கடையில் என்னென்ன பிரிவு இருக்கும் என்பதை அந்தக் கடைதான் முடிவு செய்கிறது. வெளி ஆள் யாரும் அதில் ஒன்றைச் சேர்க்க முடியாது. ஆப்பிள் மியூசிக்கில் இந்திய இசை, அதற்குள் சாஸ்திரிய இசை, அதற்குள் கர்நாடக சங்கீதம் என்று போகும். அதோடு சரி. நாதஸ்வரம், வீணை, வாய்ப்பாட்டு எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள்தான். சினிமாப் பாட்டுக்காகச் செய்த அலமாரி அது.

பெரிய கடைகள் தனி ஆளிடம் பதிவை நேரடியாக வாங்குவதில்லை. நடுவில் விநியோக நிறுவனம் ஒன்று வேண்டும். சில நிறுவனங்கள் வருடச் சந்தா வாங்குகின்றன, சில வருமானத்தில் பங்கு எடுக்கின்றன. நீங்களே கணக்குத் திறக்கலாம். அந்த மனிதர் செய்யப்போவதும் அதே படிவத்தை நிரப்புவதுதான். சந்தா முறையில் ஒன்றை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்: சந்தாவை நிறுத்தினால் பதிவு கடையில் இருக்குமா, எடுத்துவிடுவார்களா?

பணத்தைவிட எனக்குப் பயம் அவர் நீட்டப்போகும் ஒப்பந்தம். அதில் 'அசைன்மென்ட்' என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அது பதிவின் உரிமையையே எழுதிக் கொடுப்பது. 'லைசென்ஸ்' என்றால் பயன்படுத்திக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படித்தான் எழுதிக் கொடுத்துவிட்டு, தாத்தாவின் வாசிப்பைத் தாங்களே யூடியூபில் போட்டபோது, 'இது வேறொருவருக்குச் சொந்தம்' என்று அறிவிப்பு வந்து நின்றது. அந்த அம்மா போனில் அழுதார். கூப்பிட்டுச் சொல்ல அங்கே ஒரு ஆள்கூட இல்லை, படிவம்தான் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உள்ள கோபமெல்லாம் அதுதான்.

அடுத்து, தேடினால் கிடைக்காத சங்கதி. தமிழிலேயே நாதஸ்வரம், நாகஸ்வரம் என்று இரண்டு. ஆங்கில எழுத்தில் அது ஐந்தாறாகப் பிரிகிறது. தோடி இன்னும் மோசம். இந்துஸ்தானியிலும் ஒரு தோடி உண்டு, ஆனால் அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளி ராகத்துக்குத்தான் கிட்டத்தில் வரும். கடைக்கு இரண்டும் ஒன்று. ஆகவே ஆல்பத்தின் பெயரிலேயே வாத்தியம், அப்பாவின் பெயர், ஊர் மூன்றும் வரட்டும். 'மங்கல இசை' என்று வைக்காதீர்கள், பக்திப் பாடல் பிரிவில் போடவும் விடாதீர்கள். அதிகம் கேட்பார்கள் என்று ஆசை காட்டுவார்கள். தோடியைத் தேடுகிறவர் அந்தப் பக்கம் வரவே மாட்டார்.

படிவத்தில் 'இயற்றியவர்' என்று ஒரு கட்டம் வரும். கீர்த்தனை என்றால் தியாகராஜர், தீட்சிதர் என்று எழுதலாம். பாட்டு இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிக்கும் ஆலாபனைக்கு? பலரும் 'பாரம்பரியம்' என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாது. அந்தத் திருவிழாவில் அந்தத் தோடியை உண்டாக்கியது உங்கள் அப்பா. அவர் பெயரைப் போடுங்கள். தவில்காரர்கள் பெயரையும் கலைஞர்கள் கட்டத்தில் விடாமல் சேருங்கள்.

கம்பெனி கேசட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். கம்பெனி செலவில் பதிவானது என்றால் அந்த ஒலிப்பதிவு கம்பெனிக்குச் சொந்தம். வெளியான மறு ஆண்டிலிருந்து 60 வருடம், அதாவது 2052 முடிய. கம்பெனி மூடிவிட்டது என்பார்கள். கம்பெனி மூடினாலும் உரிமை வேறு யார் கைக்காவது போயிருக்கும். மாமாவின் டேப் அப்படியல்ல. பதிவு செய்தவர் மாமா என்பதால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த டேப்பில் தோடிக்குப் பிறகு துக்கடா, அதாவது கடைசியில் வாசிக்கும் சின்னப் பாட்டு, ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. தியாகராஜரும் தீட்சிதரும் போன நூற்றாண்டுக்கு முந்தையவர்கள், சிக்கல் இல்லை. ஆனால் 'என்ன தவம் செய்தனை' இருந்தால் நிறுத்துங்கள். கல்யாண வீடுதோறும் கேட்பதால் யாரோ பழங்காலத்தார் பாட்டு என்று நினைக்கிறோம். அது பாபநாசம் சிவன் பாட்டு. அவர் காலமானது 1973-இல். இயற்றியவர் காலமான மறு ஆண்டிலிருந்து 60 வருடம் என்று கணக்கு, ஆக 2033 முடிய உரிமை உண்டு. பெரியசாமித் தூரன் பாட்டு என்றால் 2047 வரை. வாசித்தது அப்பாதான், பதிவும் உங்கள் மாமாவுடையதுதான், ஆனாலும் பாட்டு அவர்களுடையது. உரிமை உள்ளவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். 'பாரம்பரியம்' என்று எழுதி மறைக்க மட்டும் வேண்டாம்.

வருமானத்தை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு முறை என்று கணக்கு. மூன்று நிமிடப் பாட்டுக்கும் 40 நிமிடத் தோடிக்கும் ஒரே எண்தான். 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு அங்கே பணமே இல்லை. இதைச் சொல்லி, ஆலாபனையை இரண்டு இரண்டு நிமிடமாக நறுக்கி ஏற்றச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டில் வந்தபோது ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் இருந்தது, அதற்குள் அடக்கினார். இன்றைக்கு எதற்காக நறுக்க வேண்டும்? பேண்ட்கேம்ப் போன்ற கடையில் நீங்களே நேரடியாக விற்கலாம், விலையும் தேடுசொற்களும் உங்கள் கையில். விற்பனையில் 15 சதவீதம் அவர்களுக்கு. முழுத் தோடியையும் ஒரே பதிவாக அங்கே முதலில் வையுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், டேப்பைக் கணினிக்கு மாற்றியதும் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் கேளுங்கள். தவில் யார், தாளம் போட்டது யார், ஸ்வாமி எந்த வீதியில் வந்துகொண்டிருந்தார் என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படிவம் கேட்கும் விவரங்களில் பாதி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.