சின்ன கேசினோ சிக்கனமா?

கேள்வி: மாதம் 50 வெள்ளிக்கு மேல் விளையாட மாட்டேன். பெரிய ஆன்லைன் கேசினோவைவிட சின்னது எனக்குத் தோதுப்படுமா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் ஒன்று, மலேசியாவில் உரிமம் உள்ள கேசினோ கெந்திங் மலையில் மட்டும்தான், ஆன்லைனுக்கு இங்கே உரிமமே கிடையாது, அதனால் பணம் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? சின்னத் தளத்தில் 10 வெள்ளி கட்டினாலே உள்ளே விடுவார்கள், சரி, ஆனால் வெளியே எடுக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் போனஸ். 50 வெள்ளி போனஸுக்கு 30 மடங்கு நிபந்தனை என்றால், அதை வெளியே எடுக்கும் முன் 1,500 வெள்ளிக்குப் பந்தயம் கட்டியாக வேண்டும். கட்டியதில் 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட் (சுழல் இயந்திர) விளையாட்டில்கூட சராசரியாக 60 வெள்ளி போய்விடும். இனாமாக வந்ததோ 50! நானாக இருந்தால் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போய் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு வருவேன்.