திறக்காத நான்கு கதைகள்

கேள்வி: அலுவலகம், வீடு, குழந்தையின் பாடம் எல்லாம் முடிந்து இரவு பத்தரைக்கு மேல்தான் எழுத உட்காருகிறேன். எனக்கு ஒரே ஒரு எழுத்துத் தோழி. அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். எழுதியதை அனுப்புவோம், படிப்போம், அவ்வளவுதான். அவள் அனுப்பிய நான்கு கதைகளை மூன்று மாதமாகத் திறக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. இப்போது போன் பண்ணவே கூச்சமாக இருக்கிறது. எழுத்தா, நட்பா, எதை விடுவது?

பதில்: எதையும் விட வேண்டாம். நேரமில்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் கதையை நிதானமாகப் படித்து, ஒரு பக்கத்துக்காவது பதில் எழுத வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். அதற்குள் இரண்டாவது வந்திருக்கும். முதலாவதுக்கே பதில் போடாமல் இதை எப்படித் திறப்பது? அப்படியே நான்காகிவிட்டது.

நான் உங்களைவிட மோசம். நண்பர் ஒருவர் அனுப்பிய கதையைப் படிக்காமலேயே “முடிவு அபாரம்” என்று அடித்துவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில் வந்தது: “மன்னிக்கணும், கடைசி ரெண்டு பக்கம் விட்டுப்போச்சு, இப்ப அனுப்புறேன்.” அதற்கப்புறம் அந்தக் கதையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்ற ஒரே ஊர்க்காரர்கள். ஒருவர் பத்திரிகை வேலைக்காகச் சென்னை போனார், மற்றவர் ஊரில் விவசாயம் பார்த்தார். நடுவில் கடிதம்தான். அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. அவர் 1970இல், 46 வயதிலேயே போய்விட்டார். 2021 வரை வாழ்ந்த கி.ரா. அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். வேலையும் தூரமும் அந்த நட்பை ஒன்றும் செய்துவிடவில்லை. தபாலில் நீல டிக் கிடையாது என்பதும் ஒரு வசதிதான்!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நான்கையும் படிக்க உட்காராதீர்கள். கடைசியாக வந்ததை மட்டும் இன்றிரவு திறங்கள். விமர்சனம் எழுத வேண்டாம். உங்களை நிறுத்திய வரி எது, கதை சறுக்கிய இடம் எது, இரண்டையும் சொன்னால் போதும். மற்ற மூன்றை இன்னும் படிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இனிமேல் கதை வந்ததும், “வந்தது, ஞாயிற்றுக்கிழமைதான் படிப்பேன்” என்று ஒரு வரி போடுங்கள். காத்திருப்பதில் எழுதுகிறவர்களுக்குப் பழக்கம் உண்டு. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். வாரத்தில் ஓர் இரவு, பத்தரைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு இருவரும் அரைமணி நேரம் எழுதுங்கள். பேச வேண்டாம். நானும் அந்த ‘முடிவு அபாரம்’ நண்பரும் இப்போது வியாழக்கிழமைகளில் இப்படித்தான் எழுதுகிறோம். போன வாரம் அவர் பக்கம் இருபது நிமிடம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் திடீரென்று கீபோர்டு தடதடவென்று ஓட ஆரம்பித்தது.