எருமையின் வயிற்றில் ஒரு கம்பி

மதிப்பிற்குரிய ஐயா,

தாராபுரம் அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். கோடை விடுமுறையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பட்டறை நடத்துகிறோம். இவ்வாண்டு தவளையை அறுத்துக் காட்டத் திட்டமிட்டோம். பெற்றோர் சிலர் அது வன்முறை என்கிறார்கள். சக ஆசிரியரோ கணினியில் காட்டினால் போதும் என்கிறார். தங்கள் கருத்து என்ன?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சென்ற வாரம் ஊரில் கட்டுத்தரையைக் கடக்கும்போது துருப்பிடித்த கம்பித் துண்டொன்று காலில் தட்டுப்பட்டது. குனிந்து எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டேன். அந்த நினைவிலிருந்து வெளிவராத நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

தவளையை விட்டுவிடுங்கள். கல்லூரி விலங்கியல் வகுப்புகளிலேயே விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் தடை செய்துவிட்டது. பட்டம் படிப்பவர்களுக்கே வேண்டாம் என்றானதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கொண்டுவர நினைத்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள், யோசிக்காமல் போட்ட திட்டம். கணினியில் காட்டுங்கள், கெடுதல் இல்லை. வன்முறையா என்பதை ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசை நிற்கும் பெற்றோரே தீர்த்துக்கொள்ளட்டும்.

என் வருத்தம் வேறு. எதை அறிவதற்காக அறுக்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நாங்களும் கல்லூரியில் தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு கால்களிலும் ஊசி குத்தித் திறந்தோம். திறந்துவிட்டு, படத்தைப் பாடநூலைப் பார்த்து வரைந்தோம், மதிப்பெண் அதற்குத்தான் என்பதால். அதன் இருதயத்துக்கு மூன்று அறைகள் என்பது கத்தியைத் தொடுமுன்பே எங்களுக்கு மனப்பாடம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் கறவை எருமை தீனி எடுக்காமல், அசைபோடாமல், முன்னங்கால்களை அகற்றி வைத்து நின்றபடியே இளைத்துச் செத்தது. ஆத்தா கண்பட்டுவிட்டது என்றார். அப்பாரு விஷப்பூண்டு என்றார். மாட்டு டாக்டர் இரண்டையும் ஒப்புக்கொள்ளாமல் கிளுவை வேலியோரம் அதைக் கிடத்தி அறுத்தார். என்னையும் அழைத்து, மாட்டுக்குள்ள நான்கு வயிற்றறைகளில் இரண்டாம் வயிற்றின் உட்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தேனடை போலவே கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் விரல் நுனி புதைந்தது. அதில் ஒரு கட்டத்திலிருந்து விரல் நீளக் கம்பி ஒன்று சுவரைத் துளைத்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தையும் கடந்து, இருதய உறை வரை போயிருந்தது. உறைக்குள் சீழ். மாடு சரியாக மெல்லாமல் விழுங்கும், கனமான பொருள் இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும், அதற்கும் இருதயத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புதான் என்று அவர் சொன்னபோது, அந்தத் தடுப்பின் மேல் என் கை இருந்தது. அன்று பொழுது சாயும்வரை ஆத்தா கட்டுத்தரையெங்கும் கம்பி பொறுக்கினார்.

ஆட்டு இருதயம் ஒன்று போதும், அம்மா. கீழறைகளில் இடப்பக்கம் ஏன் கெட்டியாக இருக்கிறது, வலப்பக்கம் ஏன் தளர்ந்திருக்கிறது என்று காலையில் பிள்ளைகளை அழுத்திப் பார்க்க விட்டு, வெளியே தெரிவதை வரையச் செய்து, அவர்கள் ஊகத்தை எழுதி வாங்கிக்கொண்டு, மதியத்துக்கு மேல் கத்தியை எடுங்கள். இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் வாயில் தண்ணீர் ஊற்றினால் கீழறைக்குள் இறங்காமல் நிற்கும். ஏன் நிற்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. கறிக்கடைக்காரர் பழக்கத்தில் இருதயத்தைக் கீறிவிடுவார். கீறாமல், மேலே உள்ள குழாயை இரண்டு விரல் நீளம் விட்டு வெட்டித் தரும்படி முந்தின நாளே சொல்லிவையுங்கள்.