ஒரு புழுவுக்கா இத்தனை கெடுபிடி?

கேள்வி: 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்துக்குத் தடை போட்டது. தின்றால் கெடுதலில்லாத ஒரு பழ ஈப் புழுவுக்காகவா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: தின்பவர் வயிற்றைப் பற்றி அல்ல, தங்கள் தோட்டத்தைப் பற்றித்தான் அவர்களுக்குப் பயம். லண்டன் குளிரில் நம் பழ ஈ பிழைக்காது, உண்மைதான். ஆனால் பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்தது. லண்டனில் இறங்கிய பெட்டி ஸ்பெயினுக்கோ இத்தாலிக்கோ போகத் தடையில்லை. அங்கே வெயிலும் உண்டு, பழத்தோட்டமும் உண்டு. கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவையும் மாம்பழத்தோடு சேர்ந்து மாட்டிக்கொண்டன. பழத்தை 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம் முக்கும் ஏற்பாடு போன்றவற்றைக் காட்டிய பிறகு, 2015 தொடக்கத்தில் மாம்பழத்துக்கு வழி திறந்தது. உங்கள் ஊர் மாங்கூழுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கொதிக்கவைத்து அடைத்த கூழில் ஈ ஏது?

நாமும் பட்டவர்கள்தான். 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அதை அடக்க 2010-இல் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

கேள்வி: பூச்சி இடர் ஆய்வில் பயிற்சி எடுக்க விரும்புகிறேன். எங்கே எடுக்கலாம்? என்ன சொல்லித் தருவார்கள்? (வேளாண் மாணவி, மதுரை)

பதில்: ஹைதராபாத் ராஜேந்திரநகரிலுள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் நடத்துகிறது. சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கைச் செயலகத்தின் இணையவழிப் பாடம் இலவசம். முதலில் அதை முடித்துவிடுங்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: எதனால் ஆய்வு தொடங்குகிறது, பூச்சி நுழைந்து நிலைத்துப் பரவுமா, பரவினால் நட்டம் எவ்வளவு, தடுக்க என்ன வழி.

புதியவர்கள் சறுக்குவது பூச்சிப் பட்டியல் போடுவதில். மாமரத்துப் பூச்சி அத்தனையையும் எழுதி நூறு பக்கம் நிரப்புவார்கள். கேட்க வேண்டியது, 'இது பழத்தோடு பயணம் போகுமா?' என்பதே. தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சும், அறுவடைப் பழத்தோடு போகாது, பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பழ ஈ சதைக்குள் முட்டையிடும், வைத்துக்கொள்ளுங்கள். கொட்டை வண்டுதான் கில்லாடி. பிஞ்சில் முட்டையிடும், காயம் ஆறிவிடும், புழு கொட்டைக்குள் போய் உட்காரும். வெளியே அடையாளமே இருக்காது. அதனால்தான் அமெரிக்கா 2007-இல் நம் மாம்பழத்தை அனுமதித்தபோது, குறைந்தது 400 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு வேண்டும் என்றது. இந்த அளவு வண்டை உடனே கொல்லாது, இனம் பெருக விடாது. உயிருள்ள வண்டைக் கண்டு அதிகாரி பதறாமலிருக்க, இதை அறிக்கையிலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று: ஆதாரம் இல்லாத இடத்தில் 'ஆபத்து குறைவு' என்று எழுதாதீர்கள். 'தகவல் போதாது' என்பது வேறு, 'குறைவு' என்பது வேறு.

கேள்வி: 1,000 பழத்துக்கு 2 சதவீதம், அதாவது 20 பழம் அறுத்துப் பார்க்கிறோம். போதுமா? (பேக்கிங் கூட மேற்பார்வையாளர், சேலம்)

பதில்: போதாது. ஆயிரத்தில் ஐந்து பழத்தில் புழு இருப்பதாக வையுங்கள். 20 பழம் அறுத்தால், அதில் ஒன்றாவது அகப்பட ஏறக்குறைய 10 சதவீத வாய்ப்புதான். 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் சுமார் 450 பழம் அறுக்க வேண்டும். புழு விகிதம் இதேதான் என்றால், சரக்கு எவ்வளவு பெரிதானாலும் இந்த எண்ணிக்கை 600-ஐத் தாண்டாது. எனவே சதவீதக் கணக்கு பெரிய லாரிக்கு வீண் செலவு, சின்ன லாட்டுக்கு ஏமாற்று. 450 பழத்தை அறுத்துவிட்டு எதை அனுப்புவது என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் வேலை தோப்பிலேயே தொடங்க வேண்டும்: ஆண் பழ ஈக்களை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அழிப்பது, பிறகு வெந்நீர். வெந்நீரில் இறக்கும்முன் பழத்தை எடைவாரியாகப் பிரியுங்கள். சின்னதும் பெரியதும் ஒரே தொட்டியில் விழுந்தால், பெரியதன் நடுவில் சூடு ஏறுவதற்குள் சின்னதன் தோல் வெந்துவிடும்.