டாக்டர், கொரியச் சாப்பாட்டால்தான் எனக்கு பிரஷர் ஏறிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டரை வருடமாகத் தென்கொரியாவில் சுவோன் நகரில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். மதியம் கம்பெனி கேன்டீனில் கொரியச் சாப்பாடு. இரவு பெரும்பாலும் ராம்யோன் என்ற கொரிய இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், இல்லையென்றால் கிம்ச்சி ஜிகே, அதாவது புளிக்கவைத்த முட்டைக்கோஸ் போட்ட குழம்பு. ஒரு நாளைக்கு நாலைந்து மிக்ஸ் காபி. வாரம் ஒரு நாள் ஆபீஸ் நண்பர்களோடு சோஜு என்ற கொரிய மது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து சளிக்கு நல்லது என்று மருந்துக்கடையில் கிடைக்கும் சாங்ஹ்வாதாங் என்ற மூலிகைக் கஷாயம் தினமும் ஒரு பாட்டில் குடிக்கிறேன். போன வாரம் செக்கப்பில் பிரஷர் 148/94 வந்தது. ஊரில் அம்மா, "செக்கச்செவேல்னு இருக்கிற அந்தக் காரத்தை முதல்ல நிறுத்து, நான் ஊறுகாயும் பருப்புப்பொடியும் அனுப்புறேன்" என்கிறார். எனக்கோ இந்தச் சாப்பாடு மிகவும் பிடித்துப்போய்விட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் சூப்பை விட்டால் போதும். கூடவே ஒரு பாட்டிலையும் விட வேண்டியிருக்கும். அது நீங்கள் நினைக்கிற பாட்டில் இல்லை.

முதலில் அந்த 148/94. ஒரே ஒரு தடவை பார்த்த அளவை வைத்து உங்களை பிரஷர்காரர் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். மேல்கையில் கட்டும் பிரஷர் கருவி ஒன்று வாங்குங்கள். ஒரு வாரம் காலையிலும் இரவிலும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். அதற்கு முந்தின அரைமணி நேரம் காபி, சிகரெட் கூடாது. வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-க்கு மேல் நின்றால்தான் அது உண்மையான பிரஷர்.

இனி அம்மாவின் சந்தேகம். காரம் பிரஷரை ஏற்றாது. கொரிய மிளகாய்த்தூளுக்கு நிறம்தான் அதிகம். நம் குண்டூர் மிளகாயோடு வைத்துப் பார்த்தால் அது சாது. அம்மா பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு. சிவப்பே இல்லாமல் வெள்ளையாக இருக்கும் பேக் கிம்ச்சியிலும் உப்பு உண்டு. பழுப்பாக, பார்க்கவே சாதுவாக இருக்கும் தோயன்ஜாங் ஜிகேயில் இன்னும் உண்டு. அந்தப் புளித்த சோயா விழுதில் பாதி வேலையைச் செய்வதே உப்புதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். நீங்கள் சாப்பிடும் ராம்யோன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பிரபலமான வகைகளில் 1,700, 1,800 என்று போட்டிருக்கும். ஒரு பாக்கெட்டிலேயே ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதில் பெரும்பகுதி பொடியிலும், பொடி கரைந்த சூப்பிலும்தான் இருக்கிறது. நூடுல்ஸ் தீர்ந்ததும் மிச்ச சூப்பில் சோற்றைப் போட்டுக் குழைத்துச் சாப்பிடுகிறீர்களா? அந்தச் சுகம் எனக்கும் தெரியும். பிரச்சினையும் அங்கேதான்.

அதனால் பொடியில் பாதியை மட்டும் போடுங்கள். ஒரு முட்டை, வெங்காயத்தாள், கைநிறைய சோயா முளை சேருங்கள். அந்த முளைகட்டிய சோயாவை அங்கே கொங்நாமுல் என்பார்கள், எந்தக் கடையிலும் மலிவு. நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு நாளுக்கு மேல் ராம்யோன் வேண்டாம். ஜிகேக்கும் இதுதான்: டோஃபு, காய், கறி எல்லாவற்றையும் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுங்கள், நீரைக் குடிக்காதீர்கள். ஹோட்டலில் ஆர்டர் செய்யும்போது "சிங்கொப்கே ஹே ஜுசெயோ" என்றால் உப்பு குறைவாகப் போட்டுத் தருவார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், அங்குள்ள பெரியவர்களே கேட்பது வழக்கம்.

கிம்ச்சியைப் பற்றி ஒரு சின்னக் கதை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்கு வந்த கொரியர் ஒருவர் என்னிடம் பிரஷருக்கு வந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். இந்தியக் கிம்ச்சி பிரமாதம், தினமும் ஒரு கிண்ணம் என்றார். விசாரித்தால் அது நம் மாங்காய் ஊறுகாய்! அவர் ஊரில் கிம்ச்சியைக் காய் மாதிரிச் சாப்பிடுவார்கள். நாம் ஊறுகாயை நுனிவிரலால் தொட்டுக்கொள்கிற அளவுக்குச் சாப்பிடுகிறோம். உப்பும் அதற்கேற்பத்தான் போட்டிருக்கிறது. 100 கிராம் கிம்ச்சியில் சோடியம் சுமார் 500, 600 மில்லிகிராம். நம் ஊறுகாயில் அதைப் போலப் பல மடங்கு. ஒரு சின்னத் தட்டுக் கிம்ச்சி தாராளமாகச் சாப்பிடுங்கள். நார்ச்சத்து உண்டு, நம் பழைய சோற்றில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் உறவுக்காரர்கள் அதிலும் உண்டு. ஒரே வேளையில் கிம்ச்சி, கிம்ச்சி ஜிகே, அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் மூன்றும் வேண்டாம். சைவம் பார்ப்பவர்கள் ஒன்று கவனிக்கவும்: பெரும்பாலான கிம்ச்சியில் உப்பிட்ட இறால் அல்லது நெத்திலிச் சாறு இருக்கும்.

சொல்லப்போனால் உங்கள் கேன்டீன் தட்டு நல்ல தட்டுதான். வேகவைத்துப் பிசறிய கீரை நாமுல், முளை, பொரித்த மீனுக்குப் பதில் சுட்ட மீன், கறியைச் சுற்றிச் சாப்பிடக் கீரை இலை. ஊரில் மூன்று இட்லி, இரண்டு வடை என்று சாப்பிட்டவர் ஒரு வேளைக்கு இவ்வளவு காய் சாப்பிடுவதே பெரிய விஷயம்.

மிக்ஸ் காபி: 12 கிராம் ஸ்டிக் ஒன்றில் பாதிக்குப் பாதி சர்க்கரை. ஐந்து ஸ்டிக் என்றால் ஆறேழு டீஸ்பூன் சர்க்கரை. ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைச் சர்க்கரையில்லாத அமெரிக்கானோ கறுப்புக் காபியாக மாற்றுங்கள். மைனஸ் 10 டிகிரியிலும் ஐஸ் போட்டுக் குடிக்கிற ஊர் அது, உங்களுக்கா கஷ்டம்? தாகத்துக்கு "போரிச்சா", அதாவது வறுத்த பார்லித் தண்ணீர். சர்க்கரையும் இல்லை, காஃபீனும் இல்லை.

சோஜு சின்னக் கிளாஸில் வருவதால் கணக்குத் தப்பிவிடும். 360 மில்லி பாட்டில், 16 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 45 கிராம் சுத்த ஆல்கஹால். அரை லிட்டர் பீர் இரண்டரைக்குச் சமம். பீரில் கலந்து குடித்தால் கேட்கவே வேண்டாம். பிரஷர் சரியாகும்வரை நிறுத்துவதே நல்லது. முடியாவிட்டால் இரண்டு கிளாஸோடு எழுந்துவிடுங்கள். பெரியவர் ஊற்றும்போது மறுக்க முடியவில்லையா? "யாக் மொக்கோ இஸ்ஸொயோ", மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பெரும்பாலும் வற்புறுத்த மாட்டார்கள். சோஜு குடித்த இரவில் தலைவலிக்கு என்று பாராசிட்டமால் போட்டுக்கொள்ளாதீர்கள். அட்டையில் அசெட்டமினோஃபென் என்றிருந்தாலும் அதே மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது.

இனி அந்த இன்னொரு பாட்டில். சாங்ஹ்வாதாங். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது இங்கேதான். இலவங்கப்பட்டை, இஞ்சி, பேரீச்சை போன்ற கொரிய இலந்தை, பியோனி வேர் என்று நல்ல சரக்கெல்லாம் உண்டு. கூடவே கம்ச்சோ என்று ஒன்றும் உண்டு. அது நம் அதிமதுரம். இருமலுக்கு இரண்டு நாள் குடித்தால் ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தினமும் குடித்தால், அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் செய்து பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சிலருக்குப் பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை சோர்ந்துபோகும். உப்பான சூப்பும் இதுவும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணை. உங்கள் பிரஷருக்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, ஆனால் இன்றே நிறுத்துங்கள். பக்கத்து மருத்துவரிடம் போகும்போது காலி பாட்டிலையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கம்பெனியில் வேலை பார்ப்பதால் அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் நீங்களும் இருப்பீர்கள், செலவு அதிகமாகாது.

அளவு 180/120-ஐத் தொட்டால், அல்லது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்காமல் அங்குள்ள ஆம்புலன்ஸ் எண்ணான 119-ஐக் கூப்பிடுங்கள். அதெல்லாம் இல்லையென்றால் நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டு, எழுதிவைத்த அளவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் மாத்திரை தேவைப்படலாம்.

அம்மாவிடம் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள், உப்பைப் பாதியாகப் போட்டு. ஊறுகாய் இந்த முறை வேண்டாம்.