பெருங்குடலை எடுத்த பிறகு பனங்கிழங்கு தின்னலாமா?

பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கான ஆபரேஷன் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரையில் குடல் அறுவை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுத் தங்கச்சிமடத்தில் இருக்கும் அக்கா.

பாம்பன்: அக்கா, வீட்டுக்காரருக்கு மூன்று வருசமாக ரத்தமும் சளியுமாகப் போகிறது. புண் உள்ள இடத்தை மட்டும் வெட்டினால் போதாதா?

போதாதும்மா, மிச்சக் குடலில் திரும்ப வரும். மலக்குடலில் தொடங்கி மேலே ஏறுகிற நோய் இது. அதனால் பெருங்குடல், மலக்குடல் இரண்டையும் எடுப்பதுதான் வழக்கம். அப்புறம் வழி இரண்டு. ஒன்று, இலியோஸ்டமி: சிறுகுடல் நுனியை வயிற்றில் வெளியே வைத்துப் பை ஒட்டுவது. உதட்டின் உள்பக்கம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. இன்னொன்று ஜே பவுச்: சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துப் பையாகத் தைத்து ஆசனவாயில் சேர்ப்பது. இரண்டு, மூன்று ஆபரேஷன் ஆகும். நடுவில் சில மாதம் வெளிப்பையும் உண்டு. பிறகும் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை போகவேண்டி இருக்கும். பவுச்சிலும் அழற்சி வரலாம், பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்கும்.

தொண்டி: பவுச் புது வைத்தியமா?

இல்லை. ஜே வடிவம் 1980-லேயே வந்துவிட்டது, ஜப்பானிய டாக்டர் உட்சுனோமியா செய்தது.

தேவிபட்டினம்: எப்போது தள்ளிப்போடக் கூடாது?

வயிறு உப்பிக் காய்ச்சலடித்தால், ரத்தம் நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஸ்டீராய்டு ஊசிக்கு மூன்று நாளில் அசையவில்லை என்றால் ஆபரேஷன் பேச்சு வரும். அந்த அவசரத்தில் பெருங்குடலை மட்டும் எடுப்பார்கள், பவுச் பிறகுதான். உடம்பில் தெம்பிருக்கும்போதே முடிவெடுப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

மண்டபம்: நான் பாசி எடுக்கப் போகிறவள். பையோடு கடலில் இறங்கலாமா?

புண் ஆறி டாக்டர் சரி சொன்னால் இறங்கலாம், பைக்குள் தண்ணீர் போகாது. வியர்வையில்தான் ஒட்டு விடும். மாற்றுப் பையை வெயிலில் வைக்காதீர்கள். ஈரப்பாசி மூட்டையைத் தூக்கவே வேண்டாம், ஸ்டோமா, அதாவது வெளியே வைத்த குடல் நுனி, அதன் பக்கத்தில் குடலிறக்கம் வரலாம். தாகத்துக்கு வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் பை இன்னும் நிரம்பும். உப்பைச் சேமிக்கிற பெருங்குடல்தான் இல்லையே. ஓ.ஆர்.எஸ். கையிலிருக்கட்டும். உப்புப் போட்ட நீராகாரமும் நல்லதுதான்.

கீழக்கரை: பனங்கிழங்கு?

பொங்கலுக்குத் தின்றுவிட்டு வார்டுக்கு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். பை ஆறு மணி நேரமாகக் காலி, வயிறு கல் மாதிரி. நார் திரண்டு அடைத்துக்கொண்டது. தேங்காய்ச் சில்லும் அப்படித்தான், நன்றாக மெல்லாமல் விழுங்கக் கூடாது. இளநுங்கு தாராளமாகச் சாப்பிடுங்கள், தோலை உரித்துவிட்டு.