அப்பாவுக்கு மருத்துவக் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எத்தனை சொட்டு கொடுக்கலாம்?

74 வயது அப்பாவுக்கு நரம்பு வலி, எண்ணெய் நல்லதா இழுப்பது நல்லதா, எத்தனை சொட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கனடாவில்தான் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஸ்காபரோவில் எங்கள் குசினியில் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் இதையேதான் யோசித்தேன். அதனால்தான் எழுத வந்தேன்.

முதலில் சொட்டுக் கணக்கை விடுங்கள். மில்லி லீற்றரும் போதாது. ஒரு மில்லி லீற்றரில் எத்தனை மில்லிகிராம் ரி.எச்.சி (கஞ்சாவில் போதை ஏற்றும் பொருள்), எத்தனை மில்லிகிராம் சி.பி.டி (போதை ஏற்றாத பொருள்) என்று லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து மில்லிகிராமில் கணக்கு வையுங்கள்.

என் அம்மாவுக்கு அக்கி வந்து மாறின பிறகும் வலது விலாவில் வலி நின்றுவிட்டது. நைற்றித் துணி பட்டாலே துடித்துப் போவா. நரம்பு வலிக்குக் கொடுத்த குளிசையில் பகல் முழுக்கத் தூக்கம், காலையில் தள்ளாட்டம். கடைசியில் டொக்டர் மருத்துவக் கஞ்சாவுக்குப் பத்திரம் எழுதித் தந்தார். அதில் இருந்தது "நாளுக்கு 1 கிராம்", அவ்வளவுதான். அது வாங்குவதற்கான உச்ச அளவு, அம்மா குடிக்க வேண்டிய அளவு இல்லை. கனடாவில் இந்தப் பத்திரம் கிராமில்தான் எழுதப்படும், எண்ணெயைக் கம்பனி தபாலில் அனுப்பும், மருந்துக்கடைக்காரர் கவுண்டரில் நின்று விளக்குவதுபோல ஒருவரும் நடுவில் இல்லை. அளவு என்ற பெரிய பொறுப்பு வீட்டில் இருக்கிற பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது.

முதல் போத்தலில் ஒரு மில்லி லீற்றருக்கு ரி.எச்.சி 10, சி.பி.டி 10. இரவில் 0.25 மில்லி லீற்றர், அதாவது ரி.எச்.சி 2.5 மில்லிகிராம். ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து நாக்குக்குக் கீழே விடுவேன். மூன்றாம் கிழமை அம்மா விடிய நான்கு மணி வரை நித்திரை கொண்டா. எனக்கு அழுகையே வந்தது.

அடுத்த முறை அந்த எண்ணெய் இருப்பில் இல்லை என்று வேறொன்றை எடுத்தேன். அதே அளவுப் போத்தல், அதே மஞ்சள் நிறம், ஆனால் ஒரு மில்லி லீற்றருக்கு ரி.எச்.சி 30, சி.பி.டி இல்லவே இல்லை. நான் பழக்கத்தில் 0.25 இழுத்தேன். 7.5 மில்லிகிராம். ஒன்பது மணிக்குக் கொடுத்தேன், பத்து மணிக்கு "தம்பி, இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றா, பாவம் என்று இன்னொரு 0.25. ஆக 15. அன்றைக்குப் பாற்கறியும் புட்டும் சாப்பிட்டிருந்தா. எண்ணெய்ச் சாப்பாட்டோடு போனால் இது பிந்தித்தான் ஏறும், ஏறும்போது கூடுதலாகவும் ஏறும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பதினொன்றரைக்குக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர் நகருது என்றா. நெஞ்சு படபடவென்று அடித்தது, இரண்டு தரம் சத்தி. எழும்ப விட்டிருந்தால் விழுந்திருப்பா, ஏனென்றால் ரி.எச்.சி பிரஷரை இறக்கும், அம்மா அதற்கும் குளிசை எடுக்கிறவ. 811க்கு, அதாவது தொலைபேசியில் நேர்ஸ் ஆலோசனை சொல்லும் இலக்கத்துக்கு, அடித்தேன். நேர்ஸ் மூச்சு, நெஞ்சுவலி எல்லாம் கேட்டுவிட்டுத் தனியே விடாதீர்கள், மோசமானால் உடனே 911 என்றா. விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் மத்தியானம்தான் தெளிந்தா.

வாயால் எடுத்தால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு வர நான்கு மணிகூட ஆகலாம். ஈரல் ரி.எச்.சியை இன்னும் வலுவான ஒன்றாக மாற்றுகிறது, அதனால் எட்டு மணி நேரத்துக்கு மேலும் நிற்கும். நாக்குக்குக் கீழே விட்டாலும் எண்ணெயில் பெரும்பகுதி விழுங்கப்பட்டுத்தான் போகிறது. ஆவியாக இழுத்தால் சில நிமிடத்தில் கேட்கும், இரண்டு மூன்று மணியில் இறங்கிவிடும், திடீரென்று குத்தும் வலிக்கு அது பொருந்தும், ஆனால் 74 வயது நெஞ்சுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். புகைப்பது வேண்டவே வேண்டாம். கனடாவில் 2005இல் அனுமதி பெற்ற சாதிவெக்ஸ் என்ற வாய் ஸ்ப்ரேயில் ஒரு அடிக்கு ரி.எச்.சி 2.7, சி.பி.டி 2.5 மில்லிகிராம் என்று கணக்குத் தெளிவாக இருக்கும். எல்லா மருந்தும் அப்படி வந்தால் என்ன?

நான் டொக்டர் இல்லை. "கஞ்சாவுக்கு விளம்பரம்" என்று எழுத வருகிறவர்கள் என் அம்மாவின் விலாவில் ஒருமுறை துணியை வைத்துப் பார்த்துவிட்டு வரட்டும். வலி முழுக்கப் போய்விட்டது என்றும் நான் சொல்லவில்லை. வேறு நாட்டில் இருந்து வாசிப்பவர்கள் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டொக்டர் எழுதித் தரும் மற்றக் குளிசைக்கு வரி இல்லை. இதற்கு மட்டும் கலால் வரி, அதற்குமேல் 13% எச்.எஸ்.ரி என்ற விற்பனை வரி. முதியோர் பென்சனில் வாழும் மனுசியின் மருந்து இது. போதாக்குறைக்குப் பொதி கொண்டுவருகிறவர் மணியே அடிக்காமல் கதவில் துண்டை ஒட்டிவிட்டுப் போவார். வோக்கரோடு நடக்கிற ஆள் பனியில் போய்க் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டுமாம். மூன்று தரம் முறையிட்டேன், பதில் இல்லை.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அந்த இரவுக்குப் பிறகு மூன்று கிழமை அம்மா தொடவில்லை. பிறகு கிளினிக்கில் கேட்டு ரி.எச்.சி 1 மில்லிகிராமில் தொடங்கினோம், நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் கூட்டினோம், இப்போதும் 2.5இல்தான் நிற்கிறா. ஒரே இரவில் இரண்டாம் தரம் கொடுப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. புதுப் போத்தல் வந்தால் வெள்ளை ஒட்டுத்தாளில் மில்லிகிராமைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். அப்பா வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிசை) எடுக்கிறாரா? எடுத்தால் தொடங்குமுன் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சி.பி.டி அதன் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். போத்தல் லேபிளில் இருக்கும் இரண்டு எண்ணையும் இங்கே எழுதினால், 1 மில்லிகிராமுக்குச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.